தட்டில் இரண்டு கண்கள்

எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் மனதார நம்பினேன். மூன்று வருடங்களுக்கு முன், போர்ட் பிளேரில் பத்துபஸ்தியில் குடியிருந்தபோது நடந்தது இது.

மறுநாள் எனக்குக் கண்புரை ஆபரேஷன். மனைவி மெயின்லேண்டில். ஆபீசில் எல்லோரையும் கலாய்க்கிற ஆள் நான், அதனால் என் பயத்தைக் கேட்க நாதியில்லை. காலையில் கதவைத் திறந்தால், வாசலில் புது வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பலகை. பிரித்தேன். தங்க நிறப் பின்னணியில் சாந்தமான முகத்தோடு ஒரு பெண். கையில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு மனிதக் கண்கள், என்னையே பார்த்துக்கொண்டு!

ஆபீஸ் நண்பருக்கு போன் போட்டேன்.

"டாக்டர் எடுக்கிறதுக்கு முன்னாடியே எவனோ உங்க கண்ணைத் தட்டுல வச்சுட்டானா அண்ணே? மஜாக் இல்ல, சீதா சமுந்தர்ல, நேரா கடல்ல போட்டுருங்க!"

போட்டேன். இடுக்கியால் பிடித்து, சாக்கில் திணித்து, ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பாறை மேலிருந்து வீசினேன். அது மூழ்கவில்லை. மல்லாந்து மிதந்துகொண்டு என்னைப் பார்த்தது. ஒற்றைச் செருப்போடு ஸ்கூட்டருக்கு ஓடினேன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. பத்து நாள் கழித்து எதிர்வீட்டு போட் மெக்கானிக் மனைவியோடு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்.

"கண்ணு நல்லாத் தெரியுதுல்லா அண்ணாச்சி? அப்ப லூசியம்மாளக் குடுங்க. அடுத்த வாரம் இவளுக்கு ஆபரேஷன்."

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. லூசியம்மாள் கண்ணைக் காக்கும் புனிதை. இத்தாலியில் ஐந்நூறு வருடங்களுக்கு முன் வரைந்த படத்தைப் பார்த்து, மெக்கானிக்கின் அண்ணன் படாக் மரப்பலகையில் தீட்டியது. அண்ணன் இப்போது இல்லை. கண் ஆபரேஷன் நடக்கப்போகிற வீட்டு வாசலில், விடியுமுன் சொல்லாமல் வைத்துவிட்டு வருவது அவர்கள் குடும்ப வழக்கமாம். குணமானதும் வாங்கிக்கொள்வார்களாம்.

ஏதாவது ஜோக் அடித்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். "கண்ணத் தட்டுல வச்சிருந்தா யாருதான் பயப்பட மாட்டாவ?" சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாகக் கேட்டார்: "அம்மா முகம் மேல பாத்துத்தான போச்சு அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன்.

அந்த வாரம் முழுக்க நானும் மெக்கானிக்கும் கரையோரம் தேடினோம். மீன்பிடிக்கிறவர்களிடமெல்லாம் கேட்டோம். கிடைக்கவில்லை. அவர்கள் வாயிலிருந்து கடிந்து ஒரு வார்த்தை வரவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது கிண்டல் செய்து தப்பித்திருப்பேன்.

என் கண்ணுக்காக அவர்கள் சத்தமில்லாமல் வேண்டிக்கொண்டார்கள். மெக்கானிக் மனைவியின் முறை வந்தபோது அவர்கள் வாசலில் வைக்க எதுவும் இல்லை. வெறுங்கையோடுதான் ஆபரேஷனுக்குப் போனார்.