கோபமே வராத தம்பி

வடகரப்பதியில் எங்கள் அண்ணனைக் கோபக்காரர் என்பார்கள், தம்பியைச் சாது என்பார்கள். நான் நடுவில் பிறந்தவள். அண்ணனுக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். கொஞ்ச நேரத்தில் அவரே உடைந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு, "பாத்து நடங்க, குத்தீரும்" என்பார். தம்பியோ திட்டினாலும் சிரிப்பான். அவனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஒரு வருஷம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கள் முறைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். அண்ணன் கேட்கப் போனார். அவர் எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அண்ணன் மண்வெட்டியால் அடித்தது ஒரே அடி. மூன்றாம் நாள் அந்த மனிதர் இறந்துவிட்டார். போலீஸ் வந்தபோது அண்ணன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். "நாந்தானுங்க அடிச்சேன்" என்று எழுந்து போனார். ஆயுள் தண்டனை. கண்ணூர் ஜெயில்.

அதன்பிறகு தம்பி விடிவதற்குள் எழுந்து, இறந்தவரின் கடலைக்காட்டுக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சுவான். பிறகுதான் எங்கள் காடு. இறந்தவரின் மனைவி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அவனோடு பேசவும் இல்லை. ஒரு மத்தியானம் களியைப் பிசைந்தபடியே சொன்னான்:

"எனக்குக் கோவமே வராதுன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. வருது. அதைய எங்க கொண்டு போய் வெக்கறதுன்னுதான் தெரியல."

"களி ஆறுது, தின்னு சாமி" என்றேன். எனக்கு மாட்டைப் பிடித்துக்கட்டும் அவசரம்.

தின்றான். வட்டிலைக் கழுவி வைத்தான். நான்காம் நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

அண்ணனிடம் சொல்ல நானும் என் வீட்டுக்காரரும் ரயிலேறிக் கண்ணூர் போனோம். கம்பிவலைக்கு அந்தப்பக்கம் அவர் மெலிந்து நின்றார்.

"தம்பி போயிட்டானுங்கண்ணா."

"யாரு அடிச்சா?"

"ஆரும் அடிக்கலீங்க. அவனாத்தான்..."

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் "யாரு அடிச்சா?" என்றார். புரிந்ததும், "இங்க வந்து என்னைய நாலு வார்த்தை வஞ்சிருக்கலாமே" என்றார். தம்பி என்னிடம் சொன்னதையும், நான் களியைத் தின்னச் சொன்னதையும் அப்போதுதான் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வலையைப் பிடித்தபடி நின்றார். நேரமாயிற்று என்றார்கள் காவலர்கள்.

பல வருஷம் கழித்து விடுதலையாகி எங்களோடு வந்து இருந்தார். எங்கே சத்தம் உயர்ந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். ஒருநாள் என் சின்ன மகள் யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்ன அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்க மாமா."

அவர் எழுந்திருக்கவில்லை. மாடுகள் தண்ணிக்குக் கத்தின. நானே போய்த் தண்ணி காட்டிவிட்டு வந்தேன். அப்போதும் அங்கேயேதான் இருந்தார்.