அரக்குப் பையில் கிளிப்பச்சைப் பெயர்

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் பிளாஸ்டிக் பை வைத்திருந்தாலே ஜெயில் என்று டிவியில் சொன்னபோது, ஆரணி மளிகைக்கடை ஜினேந்திரன் காலை ஆட்டிக்கொண்டு சிரித்தார். நகராட்சி ஆட்கள் அவர் கடைக்குள்ளேயே நுழைந்து கவர் கட்டுகளை அள்ளிக்கொண்டு போன அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது. வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து பருப்பு கேட்கிற ஊர் இது. பருப்பை எதில் போடுவது?

வீட்டுப் பரணில் ஒரு மூட்டை துணிப்பை கிடந்தது. மகள் சௌம்யாவின் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்க அச்சடித்தது. மஞ்சள் பையில் கிளிப்பச்சை எழுத்து: ‘சௌம்யா – அக்ஷய்’. கல்யாணம்தான் நடக்கவில்லை. ஸ்கூல் வேலையை விடச் சொன்ன அக்ஷயை சௌம்யாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எதையும் தூக்கிப்போட மனசு வராத ஜினேந்திரன் பைகளைப் பரணில் ஏற்றியிருந்தார்.

“பேரு போட்ட பைங்க. கடைக்கு எடுத்துகினு போவாதீங்க,” என்றாள் மனைவி கனகவதி.

“பருப்பு வாங்கறவன் பையைப் படிச்சிகினா நிப்பான்?”

படித்தார்கள். ஊரே படித்தது. பையோ கெட்டி, கிழிவேனா என்றது. களம்பூர் பஸ்ஸில் சௌம்யா – அக்ஷய். மீன் மார்க்கெட்டில், அயிரை மீன் ஒழுக ஒழுக, சௌம்யா – அக்ஷய். முட்டையைக்கூடத் தொடாத ஜைனர் வீட்டுப் பெயர்! அன்றைக்கு ஜினேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் சேத்துப்பட்டிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. பழைய கதையை முதலிலேயே சொல்லிவிடலாம் என்றாள் கனகவதி. பெண்ணைப் பார்க்கட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்றார் இவர். ஆனால் அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பை சொல்லிவிடுமே! இந்த இடமும் தட்டிப்போய்விடக் கூடாது.

கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கெஞ்சி, பைக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுத்து, முடிந்தவரை திரும்ப வாங்கினார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் காத்தவராயனிடம் மூட்டையோடு ஓடினார்.

“ஜல்தியா எல்லாத்தையும் அரக்குல முக்கிடுப்பா. பேரு கண்ணுல படக் கூடாது.”

பை அரக்கானது. எழுத்து ஆகவில்லை. அச்சு மை ரப்பர் மாதிரி ஒட்டிக்கிடந்ததால் சாயம் அதில் ஏறவே இல்லை. அரக்கு நடுவே கிளிப்பச்சை முன்னைவிடப் பளிச்சென்று நின்றது.

“முகூர்த்தப் புடவை கலருங்க!” என்று பூரித்துப்போன காத்தவராயன், தெரு நெடுகக் கொடி கட்டிக் காயப்போட்டார். பட்டு நெய்கிற ஊரில் அந்தக் கலரைப் பார்த்த பெண்கள் சும்மா போவார்களா? காய்வதற்குள் கொடி காலி.

பெண் பார்க்க மாப்பிள்ளை ஜினசந்திரனும் அவன் அம்மா திரிசலாவும் வந்தார்கள். அந்த அம்மாள் கையில் அரக்குப் பை. உள்ளே பூ, பழம். பஸ் ஸ்டாண்டு பூக்காரி போட்டுக் கொடுத்தாளாம்.

“அது... அது வேற சௌம்யாங்க,” என்று உளறினார் ஜினேந்திரன்.

“நான்தாங்க அது,” என்றாள் காபியோடு வந்த சௌம்யா.

திரிசலா சிரித்தார். “தெரியும்மா. போன தடவ புடவை எடுக்க வந்தப்ப இதே பூக்காரி மஞ்சப் பை குடுத்தா. யாரு இந்த ஜோடின்னு கேட்டேன். வேலையை விடமாட்டேன்னு பொண்ணே கல்யாணத்த நிறுத்திட்டான்னு சொன்னா. அப்பவே தரகரப் புடிச்சி இந்த வீட்டுக்கு அனுப்பினது நான்தான்.”

கல்யாணம் நின்றபோது, ஊர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மகளிடம் கத்தியவர் ஜினேந்திரன். இப்போது வெட்கமாக இருந்தது. மகளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

“அந்தப் பையை மட்டும் குடுத்துடுங்க சம்பந்தி.”

“இந்தக் கலரு எங்க ஊருக்கு இன்னும் வரலைங்க,” என்று திரிசலா பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.