ஜாடி வாயும் டீஃபால்ட் செட்டிங்கும்

மூடி ஜாடிக்குள் இறங்கவில்லை. முதலாளி ஒரு கையில் ஊறுகாய் ஜாடியும் மறு கையில் மர மூடியுமாக, வழியில் கண்டவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டே என் டேபிளுக்கு வந்தார்.

"பாரும்மா, ஒரு சூளைச் சரக்கு பூராவும் இப்படித்தான் இருக்குது. மூடி, சரக்கு வாங்குற பார்ட்டி அனுப்புனது, எப்பவும் வர்ற அதே சைஸு. பாக்கியநாதனுக்கு வயசாயிடுச்சி. சுட்டா மண்ணு எவ்ளோ சுருங்கும்ங்கிறதே மறந்துடுச்சி அவருக்கு."

பீங்கான் சாமான் செய்கிற எங்கள் விருத்தாசலத்தில் ஒரு பொருள் சின்னதாக வந்தால் எல்லாரும் முதலில் மண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து சூளையைப் பார்ப்பார்கள், கடைசியில் அச்சு செய்கிற மோல்டு மாஸ்டரைப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலமே எங்கள் மோல்டு மாஸ்டர் பாக்கியநாதனிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு விடாமல், பக்கத்து யூனிட்காரரிடமும் முதலாளி இதையே சொல்லிவைத்தார். இந்த ஊரில் மோல்டு மாஸ்டருக்குப் பேர்தான் சோறு போடுகிறது.

நான் அந்த யூனிட்டில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். சொல்லிக்கொள்ள சிஸ்டம் அட்மின், செய்வது பிரிண்டர் பஞ்சாயத்து. அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச், டிராயிங் மூன்றுக்கும் ஒரே பிரிண்டர். ஒருவருக்கு இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும், இன்னொருவருக்கு ஒரு பக்கம் போதும். தினமும் காலையில் யாராவது வந்து, "யாருக்கா செட்டிங்க மாத்துனது?" என்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் 'பிரிண்டிங் பிரிஃபரன்ஸ்' மாற்றினால் அது உங்களோடு போயிற்று. சர்வரில் 'பிரிண்டிங் டீஃபால்ட்ஸ்' மாற்றினால், தனக்கென்று எதையும் மாற்றிவைக்காத எல்லாருக்கும் அது போய்ச் சேரும். இரண்டையும் திறந்தால் ஒரே மாதிரி இருக்கும். வம்பு அங்கேதான்.

பாக்கியநாதன் கணக்குத் தீர்த்துக்கொண்டு போகுமுன் என்னிடம் வந்தார். கையில் இரண்டு தாள்கள்.

"மேடம், பழைய மோல்டு தேஞ்சிடுச்சின்னு புதுசுக்கு டிராயிங் பிரிண்ட் வாங்கினேன். சுருக்கத்த சேத்துத்தான டிராயிங்க போட்டிருக்காங்க? தாள அப்படியே தகரத்துல ஒட்டி வெட்டி, அந்த அளவுலதான் மோல்டு செஞ்சேன், எப்பவும் போல. என் கை தப்பா, நீங்களே சொல்லுங்க."

ஒன்று பழைய பிரிண்ட், மற்றது புதியது. இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். அதே ஜாடி, அதே கோடு, ஆனால் புதியது உள்ளே தள்ளி நின்றது. நூறு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்த இடத்தில் ஸ்கேல் வைத்தேன். தொண்ணூற்றாறு.

சர்வரைத் திறந்தேன். 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியிருந்தது. தாளின் ஓரத்துக்குள் அடங்கட்டும் என்று படத்தையே சுருக்கும் செட்டிங் அது. டெஸ்பாட்ச் செந்திலைக் கூப்பிட்டேன்.

"பில்லு ஓரம் வெட்டுப்பட்டுச்சிக்கா. நீங்க லீவு. என் பில்லுக்குத்தான போட்டேன்?"

நான் லீவு போட்டால் வேலை நிற்கக் கூடாது என்று அட்மின் பாஸ்வேர்டை அவனிடம் கொடுக்கச் சொன்னவர் முதலாளிதான். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

தாள்களை எடுத்துக்கொண்டு, பாக்கியநாதனையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனேன். கண்ணாடியில் வைத்துக் காட்டி, செட்டிங் மாறியிருந்ததைச் சொன்னேன். ஸ்கேலை வாங்கி அவரே அளந்து பார்த்தார். பிறகு பாக்கியநாதனிடம், "சரி, நாளைக்கு வந்துடுங்க" என்றார்.

"வர்றேங்க. பக்கத்து யூனிட்ல போயி என்னப் பத்திச் சொன்னீங்களே, அத யாரு போயி மாத்திச் சொல்றது? நீங்க வாங்க. மேடமும் வரட்டும்."

சர்வரில் ஒரு டிக்கை எடுக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. ஆனாலும் வந்தார். பக்கத்து யூனிட்காரர் டீ வரவழைத்தார். நம் முதலாளி கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிரிண்டர்ல கோளாறுங்க. மாஸ்டர் மேல ஒண்ணும் தப்பில்ல."

எனக்குச் சுருக்கென்றது. பிரிண்டரில் ஏது கோளாறு? சொன்னதைத்தானே அது செய்தது? வாயைத் திறக்கப் போனேன். பாக்கியநாதன் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். அதே பிரிண்டரை டிராயிங்குக்கென்று வேறொரு பெயரில் தனியாகச் சேர்த்து, அளவை நூறு சதவீதத்தில் வைத்துப் பூட்டினேன். நீங்களும் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள், யார் என்ன சொன்னாலும்.

அன்று பக்கத்து யூனிட்டிலிருந்து கிளம்பும்போது, முதலாளி முன்னால் போய்க் காரில் ஏறியதும், ஏன் என்னைத் தடுத்தீர்கள் என்று பாக்கியநாதனைக் கேட்டேன்.

"பிரிண்டரு நாளைக்கி வேற எடத்துல போயி வேல கேக்கப் போவுதா மேடம்? அதுக்குப் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவட்டும்."