குச்சிக்கிழங்கு உரிக்கும் பெண்

செத்துப்போன டிராயிங் வாத்தியாரின் படங்களைச் செம்மேட்டில் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். பழைய படங்களுக்குப் புதிதாக வார்னிஷ் பூசியிருந்ததால் உள்ளே நுழைந்ததுமே டர்ப்பன்டைன் வாடை. அவர் என்னை வரைந்த படத்தில் நான் எப்படி இருக்கிறேனோ என்று தேடிக்கொண்டே நடந்தேன்.

தொண்ணூற்றெட்டில், நான் ஒன்பதாவது படிக்கும்போது, எங்கள் ஊட்டு வாசலிலும் இதே வாடைதான். மடியில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கோடு என்னை உட்கார வைத்து வாத்தியார் ஒரு வாரம் வரைந்தார்.

"ஏனுங்க சார், பரிச்சை நடக்குதுங்களே," என்றாள் அம்மா.

"ஹெட்மாஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேங்க. கண்ணு, நீ ஆடாத. மூஞ்சியக் கடைசியாப் போட்டுக்கலாம்."

அவர் சொல்லவே இல்லை. நான் பெயில். அதோடு அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். படத்திலாவது இருக்கிறேனே என்று இத்தனை வருஷம் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

படம் நடுச்சுவரில் இருந்தது. என் பாவாடை, எங்கள் வாசல், கத்தி கிழித்த தழும்போடு என் கட்டைவிரல். மூஞ்சி மட்டும் வேறு யாருடையதோ.

"அது நான்தாங்க," என்றாள் பக்கத்தில் நின்ற வாத்தியார் மகள். "பள்ளிக்கூட லீவுல அப்பா என்னைய உட்கார வெச்சு வரைஞ்சாரு. நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்குதுங்க," என்றேன். என் கட்டைவிரலைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்து, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.