பெட்ரோல் பம்பும் எங்கள் பாடும்

என் வாய்தான் எனக்கு முதல். பழவேற்காட்டில் மீன் ஏலம் கூவுகிறவன் நான். செத்த மீனையும் சிரிக்க வைத்து விற்பான் என்று பெயர். அந்த வாய் ஒரு மத்தியானம் முழுக்க வேலை செய்யாமல் கிடந்தது. காரும்தான்.

மறுநாள் காலை என் மனைவியைச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அவள் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு சொல்லும் நாள் அது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுடைய தம்பி, என் மச்சானிடம்கூடப் பட்டணத்தில் ஒரு கல்யாணம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

"பஸ்ல போலாம்யா. மீஞ்சூர்ல ரயிலு புடிச்சா ஆச்சி" என்றாள் அவள்.

பஸ்ஸில் ஏறினால் ஊரே எங்கே என்று கேட்கும். ஆளுக்கொரு பொய் சொல்ல அன்று என்னிடம் சரக்கு இல்லை. என்னுடைய பழைய காரையே எடுப்பதென்று பெட்ரோல் போடக் கிளம்பினேன். திரும்பி வரும்போது வண்டி இருமி இருமி, சரியாக டச்சுக்காரர் கல்லறை வாசலில் நின்றது. அந்த வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் உண்டு. பிறந்ததிலிருந்து நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன்; அன்றைக்குத்தான் அவை என்னைப் பார்த்தன. நான் அதைச் சகுனம் என்றெல்லாம் நினைக்கவில்லை. கார் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். அவ்வளவுதான்.

மச்சான் ஆள் கூட்டி வந்து வீடு வரைக்கும் தள்ளினான். கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றிவிட்டு என்னைச் சாவி போடச் சொன்னான். ஒரு சொட்டு வரவில்லை.

"டாங்கு ரொம்பி கீது மாமா. பம்புதான் பூட்ச்சி" என்றவன், மீஞ்சூருக்கு பைக்கில் போய்ப் புதுப் பம்பு வாங்கி வந்தான். தானே மாட்டித் தருவதாகவும் சொன்னான். நான் விடவில்லை. சும்மா நின்றால் மறுநாளைப் பற்றித்தான் நினைப்பேன்.

மாட்டுவதற்கு முன்னால் பம்பைச் சோதித்துவிடலாம் என்றான். பம்பில் இரண்டு மூக்கு. ஒன்றில் அக்காவை விரல் வைக்கச் சொல்லி, பின்னால் இருந்த நெம்புகோலை அழுத்தினான்.

"இழுக்குதாக்கா?"

"மீன் குஞ்சு கவ்வற மாதிரி கீதுடா."

நான் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பழைய பம்பில் ஸ்பேனரை வைத்தேன். மச்சானால் சும்மா நிற்க முடியாது.

"இன்னா மாமா, இவ்ளோ அவசரம்? யாருக்குக் கண்ணாலம்?"

வாயைத் திறந்தேன். வெறும் காற்று வந்தது. அவள் சேலையில் விரலைத் துடைத்தபடி சொன்னாள்:

"உங்க மாமாவுக்குத்தான்டா. ரெண்டாவது. நானே பொண்ணு பாத்துக் குடுக்கப் போறேன்."

மச்சான் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "மாமா மூஞ்சப் பாரு! மாப்ளக் களயே காணோம்!"

நானும் சிரித்திருக்க வேண்டும். அப்போது டாங்கிலிருந்து வருகிற குழாயைப் பிடுங்கியிருந்தேன். அதில் ஒரு போல்ட்டைச் செருகி அடைப்பதற்குள் பெட்ரோல் விரல்களில் வழிந்தது. ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. அவை மட்டும்தான் மரத்தன என்று சொல்ல முடியாது.

படகுத்துறையிலிருந்து மச்சானைக் கூப்பிட்டார்கள். "பீடி கீடி பத்த வச்சிடாத மாமா. ரெண்டு பேரும் ஒண்ணா மேல பூடுவீங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதுப் பேக்கிங்கை வைத்துப் பம்பைப் பொருத்தினேன், போல்ட்டை இறுக்கினேன், குழாய்களைச் செருகினேன், பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டினேன். அவள் போய் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் நான் கடவுளிடம் ஏலம் ஆரம்பித்தேன். முதல் சாவிக்கே பிடித்துக்கொண்டால் கட்டியில் ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை. சரி, இரண்டாவது. அதற்கும் இல்லை. கொஞ்சம் இறங்கி வாங்க சாமி, மூன்றாவதுக்குப் பிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். இப்படியே நான் விலையை இறக்கிக்கொண்டே போக, பேட்டரியின் குரல் கம்மியது. எதிர்த்தரப்பில் கேட்பார் இல்லை.

அவள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"யோவ், இந்த மூக்குதான என் வெரல இழுத்துச்சி?"

"ஆமா."

"டாங்குலேர்ந்து வர்றத இதுலதான மாட்டணும்? நீ கார்புரேட்டருக்குப் போறத மாட்டி வச்சிக்கீற."

மாற்றி மாட்டினேன். அவள் சாவியைத் திருப்பினாள். கொஞ்சம் முனகிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. எத்தனையாவது சாவி என்று தெரியவில்லை. ஏலக்காரன் கணக்கை விட்டது அந்த ஒரு நாள்தான்.

"போதும்மே, அணைச்சிடு."

"ஓடட்டும்யா." அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. "நாளைக்கி நம்ம பாடு. வலைல இன்னா வருதோ வரட்டும்."

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்போம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பாடு வந்தால் காய்ச்சலானாலும் காற்றானாலும் போயாக வேண்டும். இறாலா, வெறும் பாசியா என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு யாரும் படகு ஏறுவதில்லை. பாடு என்ற சொல்லை வைத்து நான் எத்தனையோ கிண்டல் பண்ணியிருக்கிறேன். அன்று ஒன்றும் வரவில்லை. பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் வண்டி எங்கும் மக்கர் பண்ணவில்லை. டாக்டர் காகிதத்தைப் பார்த்து, அதுதான் என்றார். மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும், எத்தனை தடவை வர வேண்டும் என்று கேட்டதெல்லாம் அவள்தான். நான் விரல்களை முகர்ந்துகொண்டிருந்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டும் வாடை போகவில்லை.

காருக்குத் திரும்பியதும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், பம்பு ஒழுவுதா பாரு. இனிமே அடிக்கடி வரணுமே."

பானட்டைத் தூக்கிக் குனிந்தேன். பம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை.

"இன்னாயா?"

"இரு, பாக்கறேன்" என்றேன்.

பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.