எழுத்தைச் சமைத்தவள்

ஓர் அரசாங்கத்தின் வாக்குறுதியை நீங்கள் என்றைக்காவது கிள்ளி, அலசி, வேகவைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்களா? குழாயக்கா சாப்பிட்டிருக்கிறாள். உப்பு மட்டும் கொஞ்சம் கூடிப்போனதாகச் சொன்னாள்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே புதிதாகப் போட்ட பூங்காவில் தண்ணீர் பாய்ச்சுவது அவள் வேலை. எந்நேரமும் கையில் ரப்பர் குழாய். அதனால் பூங்கா ஆட்களுக்கும் அவள் குடியிருந்த வரிசை வீட்டுக்காரர்களுக்கும் அவள் குழாயக்கா. சிறு வயதிலேயே நாற்றுப் பண்ணைக்கு மண் சலிக்கப் போனவள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளைக்குச் செடி வாசம் ஆகாதாம்" என்பாள். தங்கையைத் தானே வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். வேலை தேடிப் போன தங்கை புருஷன், போன இடத்தில் வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டதும், தங்கையையும் இரண்டு பிள்ளைகளையும் தன் ஒற்றை அறைக்கே கூட்டிவந்துவிட்டாள்.

அந்த அறையை நிமிர்த்தி வைத்திருந்தது தங்கையின் பேரில் மாதாமாதம் வந்த அரசாங்க உணவுப் பை. அரிசி, பருப்பு, எண்ணெய், சின்னவனுக்குப் பால் பொடி. குழாயக்காவின் கூலி வாடகைக்கே சரியாகப் போகும். பை வராவிட்டால் பாதி மாதத்தில் அடுப்பு படுத்துவிடும்.

பூங்காவின் நடுவில் பளிங்கு நீரூற்று. அதற்கு முன்னால் சரிவான புல்வெளியில், சிவப்பு இலைச் செடிகளால் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள்: 'பசியில்லா மாநிலம்'. செயலகத்தின் மேல்மாடியில் நின்று பார்த்தால்தான் படிக்க முடியும். கீழே நடந்து போகிறவனுக்கு அது வெறும் செடி. யார் படிப்பதற்காக எழுதினார்கள் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

தொலைவிலிருந்து விலைகொடுத்து வரவழைத்த அந்தச் செடிகள் முதல் கோடையிலேயே கருக ஆரம்பித்தன. கான்ட்ராக்டரின் மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"குழாயக்கா, 'பசி'யில பாதி காஞ்சுபோச்சு. அதிகாரி பார்த்தார்னா என்னைக் காய வெச்சிருவார்."

"பசி காஞ்சா நல்லதுதானே மேஸ்திரி?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியே! ஏதாவது பண்ணு, போ."

அவள் பண்ணினாள். சிவப்புக் கீரை விதையை வாங்கிவந்து செடி காயக் காய அந்த இடமெல்லாம் தூவினாள். சில வாரங்களில் எழுத்து முழுவதும் கீரையாக நின்றது. மாடியிலிருந்து பார்த்த பூங்கா அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. "இப்பதான்யா செடி செடியா இருக்கு" என்றார். மேஸ்திரி பவ்வியமாகக் குனிந்து பாராட்டை வாங்கிக்கொண்டார்.

கீரையை நுனி கிள்ளாமல் விட்டால் பூத்து நின்றுவிடும். கிள்ளினால் பக்கவாட்டில் வெடித்துப் புதராகும். கிள்ளியதை அவள் சாப்பாட்டுத் தூக்கில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் கிள்ளக் கிள்ள அரசாங்கத்தின் எழுத்து கொழுத்தது.

அப்போதுதான் அந்த வருஷத்து வரவுசெலவுத் திட்டம் வந்தது. நிதி இல்லை, சிக்கனம் வேண்டும் என்றார்கள். சிக்கனம் உணவுப் பையில் ஆரம்பித்து உணவுப் பையிலேயே முடிந்தது. அதே மூச்சில் நீரூற்றுக்கு வண்ண விளக்குப் போடப் பணம் ஒதுக்கினார்கள். அரசாங்க வேலையில் ஆள் இருக்கும் வீட்டுக்கு இனிப் பை கிடையாது என்று ஒரு விதியும் வந்தது.

உணவு அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தங்கை நின்றாள். உள்ளே குமாஸ்தா.

"உங்க அக்கா அரசாங்கப் பூங்காவுலதானே வேலை பார்க்குறாங்க?"

"அது தினக்கூலிங்க சார். மழை பெஞ்சா அன்னிக்குக் கூலியே கிடையாது."

"பூங்கா யாருது?"

"அரசாங்கத்துது."

"அப்புறம் என்னம்மா? தள்ளு, அடுத்த ஆள் வரட்டும்."

வெறும் கையோடு வீட்டுக்கு வந்து, "எல்லாம் நம்ம தலையெழுத்துக்கா" என்று அழுதாள் தங்கை.

குழாயக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. "தலையில எவன்டி எழுதினான்? புல்லுல எழுதினவன்தான் இதையும் எழுதியிருக்கான். அவனுக்குக் கை இருக்கு, மூஞ்சி இருக்கு, உக்கார நாற்காலி இருக்கு. போய்க் கேக்கறதை விட்டுட்டு நெத்தியைத் தடவிக்கிட்டு நிக்கிறா!"

வரிசையில் பாதி வீடுகளுக்குப் பை நின்றுபோயிருந்தது. பெண்களைக் கூப்பிட்டு அவள் சொன்னாள்: "காலையில நடக்க வர்றவங்களோட நீங்களும் உள்ள வாங்க. நுனியை மட்டும் கிள்ளுங்க. வேரை விட்டா மறுபடி வளரும்."

சில நாள் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு செய்தி அடுத்த தெருவுக்குப் போயிற்று, அங்கிருந்து அதற்கடுத்த தெருவுக்கும். ஒரு காலையில் அவள் முன்பின் பார்த்திராத முகங்கள் புல்வெளியில் குனிந்திருந்தன. கொத்துக் கொத்தாக வேரோடு பிடுங்கினார்கள்.

"ஐயோ, பிடுங்காதீங்கம்மா! அடுத்த வாரம் இன்னும் நிறைய வரும்!"

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி நிமிர்ந்தாள். "அடுத்த வாரம் வரும்கிறே. இவன் இப்பல்ல அழறான்?"

குழாயக்கா குழாயை மூடிவிட்டு நகர்ந்து நின்றாள். வெயில் ஏறுவதற்குள் எழுத்து இருந்த இடத்தில் சேறுதான் மிச்சம்.

அதிகாரி மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "அரசாங்கத்தோட எழுத்தையே திருடித் தின்னிருக்கீங்க!"

"திருடலை சார். நீங்க எழுதினதைச் செஞ்சு காட்டினோம். ஒரு வேளை பசியில்லாம இருந்தோம்."

பாராட்டை வாங்கிக்கொண்ட மேஸ்திரி அன்று நீரூற்றைப் பார்த்தபடி நின்றார். அவள் வேலை அன்றே போயிற்று.

மறுநாள் தங்கையோடு அவளும் உணவு அலுவலகத்துக்குப் போனாள். இப்போது வீட்டில் அரசாங்க வேலை யாருக்கும் இல்லை, பையைக் கொடுங்கள் என்று கேட்டாள். அதே குமாஸ்தா நிமிராமல் சொன்னார்: "அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தின வீட்டுக்குப் பை கிடையாதும்மா."

"வேலையில இருந்தா அரசாங்க ஆளு. வெளிய தள்ளிட்டா அரசாங்கச் சொத்தைத் தின்னவ. எப்ப சார் என்னைப் பசிச்சவன்னு சொல்லுவீங்க?"

"என்கிட்ட ஏம்மா கேக்குறே? நானா விதி போட்டேன்?"

இப்போது அவள் ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறாள். சின்னவன் பால் கேட்பதை நிறுத்திவிட்டான். பழகிவிட்டான் என்கிறாள் தங்கை. பசிக்குப் பழகிய ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எந்த மாநிலமும் தன் நெற்றியில் எதையும் எழுதிக்கொள்ள அருகதையற்றது.

எழுத்து மட்டும் திரும்ப வந்துவிட்டது, சிவப்புப் பிளாஸ்டிக் இலைகளில். அதற்குப் பணம் இருந்தது. வாடாது, தண்ணீர் குடிக்காது, யாரும் தின்னவும் முடியாது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பூங்கா இருக்கும். ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரைக் கும்பிட்டு அனுப்பிவிடாதீர்கள். அவரை அங்கே கூட்டிப்போங்கள். ஒரு பிளாஸ்டிக் இலையைக் கிள்ளி அவர் கையில் கொடுத்து, மென்று காட்டச் சொல்லுங்கள். முடியாது என்பார். அப்படியானால் நிறுத்திய பையை என்றைக்குத் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை வழியை விடாதீர்கள்.