ரசகுல்லாவுக்குப் பால் ஊற்றிய பாவம்

ஐம்பதுகளின் கடைசி. சேலம் ஜங்ஷனிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பசுக்களை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம். அப்போது ஸ்டேஷன் ரோட்டில் ஒரு வங்காளி, ஒற்றை அடுப்போடு சின்னதாக ரசகுல்லாக் கடை போட்டார். ரயில்வே வேலைக்கு வந்தவர், அதை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பியிருந்தார். எங்கள் ஊரில் ஐந்து வீட்டுப் பால் அவருக்குத்தான் போனது.

முதல் நாள், கொதிக்கிற என் பாலில் அவர் புளித்த தண்ணீரை ஊற்றியதைப் பார்த்து, "அட படுபாவி, நல்ல பாலை இப்படிக் கெடுக்கறியே!" என்று கத்தியே விட்டேன். பால் திரிந்தாலே அபசகுனம் என்று வளர்ந்தவள் நான். அவர் சிரித்துக்கொண்டே, திரிந்ததைத் துணியில் வடிகட்டி, பிசைந்து, உருட்டி, பாகில் வேகவைத்து ஒன்றைக் கையில் கொடுத்தார். தின்ற பிறகு நான் ஏன் பேசுகிறேன்?

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "வேணும்னே பாலைத் திரிய வெச்சா, கறந்த மாட்டுக்கு மடி வத்திப் போயிரும்" என்று ஊர்ப் பெரியதனக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் போதாத காலம், செவலைப் பசுவுக்கு மடி வீங்கிக் கல்லாகிவிட்டது. அவ்வளவுதான்! "நான் சொன்னனா இல்லையா?" என்று ஊரைக் கூட்டி, யாரும் அந்தக் கடைக்குப் பால் ஊற்றக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார். அந்த வாரம்தான் கடைக்காரருக்கு முதன்முதலாக ஒரு பெரிய வீட்டுக் கல்யாண ஆர்டர் கிடைத்திருந்தது. அதற்கு இன்னும் மூன்றே நாள். அது கை நழுவினால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவர் மனைவி என்னிடம் அழுதாள்.

கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பால் கேட்டு வரவில்லை. அன்றைக்கே டவுனிலிருந்து மாட்டு டாக்டரைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். டாக்டர் மடியைப் பார்த்தார், கட்டுத்தரையைப் பார்த்தார். "ஏம்மா, சாணியை அள்ளவே மாட்டியா? இந்தச் சகதியில படுத்தா மடிநோவு வராம என்ன பண்ணும்?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைக்காரரோ அது காதில் விழாதவர் போல, "மாடு பொழைக்கும்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நான் வெளியே மூச்சு விடவில்லை. சுத்தக்காரி என்று ஊரில் பேர் வாங்கியவள் ஆயிற்றே! இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பெரியதனக்காரர் என் வாசலில் வந்து நின்றார். "கடைக்கு இடம் உட்டவன் நம்ம பங்காளிதான். இன்னைக்கே காலி பண்ணச் சொல்லிட்டு வாரேன். மாட்டைக் கொல்றவனுக்கு இங்க என்ன வேலை?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம்!

"ஏனுங்க மாமா, பாலுனாலயா நோவு வந்துச்சு? என்ற கட்டுத்தரைச் சாணியால வந்துச்சுங்க! டாக்டரே சொல்லிட்டுப் போனாரு. அந்த மனுசன் கூட்டியாந்த டாக்டராலதான் மாடு இன்னும் உசுரோட நிக்குது!"

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன அம்மிணி?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நகர்ந்தார்.

இன்னொரு பசுவின் பாலைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். என்ன பிரயோசனம்? கல்யாண ஆர்டர் முந்தின நாளே வேறு கைக்குப் போய்விட்டது. பாலை வாங்க நீண்ட கடைக்காரர் மனைவியின் கையில் தங்க வளையலைக் காணோம்; கல்யாணமான வங்காளிப் பெண்கள் போடும் சங்கு வளையல் மட்டும்தான் இருந்தது. கடையை மூடாமல் இருக்கத் தங்க வளையலைத்தான் விற்றிருக்கிறார்கள். ஏன் மறைத்தாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அறுபதுகளில் அந்தக் கடை கண்ணாடி அலமாரி, ஆறு அடுப்பு என்று வளர்ந்தது. பெரியதனக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கே அங்கிருந்து அண்டா அண்டாவாக ரசகுல்லா தருவித்து, "எல்லாம் நம்மூருப் பாலுங்க, அதான் இந்த ருசி!" என்று பந்தியில் பெருமையடித்தார். கேட்டு எனக்கு வயிறெரிந்தது. ஆனால் அவரையாவது அறியாமல் பேசியவர் என்று விட்டுவிடலாம். எல்லாம் தெரிந்தும் என் பேருக்காக இரண்டு நாள் ஊமையாக இருந்தேனே, அந்த என்னை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.